பூத்த வஞ்சியும் பூவா வஞ்சியும்

மரங்களைக் கொண்டு ஊர்களையும், ஊர்களைக் கொண்டு மரங்களையும் நினைவிற் பதித்து வாழ்ந்தவர் தமிழர். மயிலைக் கபாலீச்சரத்தின் தலமரம் புன்னை. திருவான்மியூரின் தலமரம் வன்னி. புரசைவாக்கம் புரச மரத்தாற் பெயர் பெற்றது என்பர். அபிராமபுரத்தில் வாழ்வோர்க்கு இவையெல்லாம் அணிமையில் உள்ள ஊர்கள். அம்மரங்களை இன்றும் விரல் சுட்டிக் காட்ட இயலும். ஆனால் ஒரு மரம் உண்டு. அதன் பெயர் ஒரு தலைநகர்க்கு ஆயிற்று, ஒரு புறத்திணைக்கு ஆயிற்று, நால்வகைப் பாக்களுள் ஒன்றற்கு ஆயிற்று, பெண்ணுக்கும் ஆயிற்று. இத்துணைப் பேறு வேறெந்த மரத்திற்கும் தமிழில் வாய்க்கவில்லை. எனினும் இதுதான் அம்மரம் என்று காட்டச் சொன்னால், தமிழ் கற்றோரும் தயங்குவர். வஞ்சி என்பதே அம்மரம்.

வஞ்சி மரமா, கொடியா என்னும் வினாவே பலருக்கு வியப்பளிக்கலாம். வஞ்சிக்கொடி என்பது தமிழ்க் கவிதையில் தேய்ந்து பழகிய தொடர். மெல்லிடைக்கு உவமையாகவும், மகளிர் பெயராகவும் அது நெடுங்காலமாக வழங்கி வருகிறது. சூர்ப்பணகை உருமாறி வரும் நடையைக் காட்டுமிடத்துக் கம்பனும் வஞ்சியைத்தான் நினைந்தான். இவ்வழக்கின் வலிமையால் வஞ்சி என்றவுடன் துவளும் ஒரு கொடியே நம் மனக்கண்முன் நிற்கிறது. சங்கப் புலவர் கண்ட வஞ்சியும் இதுதானா என்பதே ஆராயத்தக்கது.

சங்கச் சான்றுகள்

புறநானூற்றின் 384ஆம் பாடல் கரும்பனூர் கிழானை நன்னாகனார் பாடியது. அவன் நாட்டு மருதநிலத்தின் வளத்தைச் சொல்ல வந்த புலவர், வஞ்சி மரத்தின் கிளையில் உறங்கிக் கரும்பின் பூவை உண்ணும் நாரையைக் காட்டுகிறார். கிளையைக் குறிக்க அவர் ஆண்ட சொல் ‘கோடு’ என்பது. கொடிக்குக் கோடு இல்லை. நீண்ட காலும் கனத்த உடலும் கொண்ட நாரை, காற்றில் ஆடும் ஒரு கொடியின் மீது துயில் கொள்ளுதலும் இயலாது. ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் பாடிய மருதப் பகுதியின் 50ஆம் பாடலில், தலைவனது ஊர் வஞ்சி ஓங்கி வளர்ந்த ஊராகக் கூறப்படுகிறது. ‘ஓங்குதல்’ மரத்திற்குரிய வினை; கொடிக்குரியது படர்தலும் இவர்தலுமே. இரு பாடல்களும் மருதநிலத்தன என்பது கருதத்தக்கது. வஞ்சி நிற்பது நீர்வளம் மிக்க கழனிப் பக்கத்தில், ஆற்றங்கரையில்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய தொண்ணூற்றொன்பது பூக்களுள்ளும் வஞ்சி உண்டு. அப்பூக்களின் வரிசை தமிழுக்கு முழுமையாகக் கிடைத்ததே ஒரு தனி வரலாறு. உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முனைந்தபோது, கிடைத்த ஏடுகளில் சில பூக்களின் பெயர்கள் சிதைந்து போயிருந்தன. ஊர் ஊராக ஏடு தேடி அலைந்த அப்பெருமகனார்க்குத் தருமபுர ஆதீனத்துச் சுவடி ஒன்றில் அப்பெயர்கள் முழுமையாகக் கிட்டின. பின்னாளில் இதனை ‘உதிர்ந்த மலர்கள்’ என்ற தலைப்பில் அவரே எழுதினார். 1889ஆம் ஆண்டு நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டு வெளிவந்தது. ஏட்டில் உதிர்ந்த பெயர்களை மீட்க ஒருவர் இருந்தார். கரையில் உதிர்ந்த மரங்களைப் பற்றி அவ்வாறு கூற இயலாது. உரையாசிரியரும் இவ்வகையில் மிகுதியும் துணைசெய்யவில்லை. பல பூக்களுக்கு அவர் பெயருடன் ‘பூ’ என்னும் சொல்லைச் சேர்த்ததோடு அமைந்தார். தம் காலத்தார்க்கு அவை விளக்கம் வேண்டாத அளவு பழகியவை என்று அவர் கருதியிருத்தல் கூடும். அவருக்கே அவை பெயரளவில் மட்டும் எட்டியிருத்தலும் கூடும்.

பூவா வஞ்சி

இனி, வஞ்சி கொடியானது எவ்வாறு? இதற்கு விடை தருவது போல ஒரு சொல்விளையாட்டுச் சங்கப் பாடலிலேயே அமைந்துள்ளது. சோழன் நலங்கிள்ளியைப் பாடிய கோவூர்கிழார், புறநானூற்றின் 32ஆம் பாடலில், அவன் தன்னை நாடி வந்தோர்க்கு வஞ்சி மாநகரையும் ஈவான் என்கிறார். நகரையும் செடியையும் வேறுபடுத்த அவர் கொண்ட உத்தி, நகரைப் ‘பூவா வஞ்சி’ என்பது. பூக்கும் வஞ்சி மரம். பூவாத வஞ்சி நகரம். இலக்கணத்தார் இதனை வெளிப்படை என்பர். அந்நகரின் மதிலில் நெடிய கொடிகள் பறந்தன என்னும் பொருள்படப் புலவர் அதற்குக் ‘கொடி’ என்ற அடையையும் தந்தார். ஈண்டுக் கொடி என்பது பதாகை. ஆயின் வஞ்சிக்கும் கொடிக்கும் ஒரே தொடரில் நேர்ந்த இவ்வுறவு, பின்வந்தோர் காதில் வேறு பொருளாகவும் ஒலித்திருத்தல் கூடும். இவ்வொரு பாடலே அவ்வழக்கிற்கு முழுக்காரணம் என்று அறுதியிடல் மிகையாகும். மரத்தைக் கண்ணாற் காணாத கவிஞர் பெருகப் பெருக, நூல்வழி வந்த சொல் தன் பொருளைத் தானே தேடிக்கொண்டது என்பது மட்டும் உறுதி.

இளங்கோவடிகள் இவ்விளையாட்டை மேலும் நயம்பட ஆண்டார். வஞ்சிக் காண்டத்துக் கால்கோட் காதையில், வடநாடு நோக்கிப் புறப்படும் செங்குட்டுவன் பூவா வஞ்சியாகிய தன் நகரிலே பூத்த வஞ்சியை முடியிற் சூடுகிறான். நகரம், பூ, படையெடுப்பு ஆகிய மூன்று வஞ்சிகளும் அவ்விடத்தில் ஒருங்கே நிற்கின்றன. கேட்டோர் பூத்த வஞ்சியை அறிந்திருந்தாலன்றி இந்நயம் பயன் தாராது.

பிரம்பா, ஆற்றுப்பாலையா?

வஞ்சியைப் பிரம்பு எனக் கொள்ளும் மரபும் உண்டு. நீர்க்கரையில் வளர்தல், வளைந்து கொடுத்தல் ஆகிய இயல்புகள் இரண்டிற்கும் ஒத்தவை. ஆயினும் சங்கப் புலவர் பிரம்பை நன்கு அறிந்து அப்பெயராலேயே தனியே பாடினர். குறுந்தொகையின் 91ஆம் பாடலில் ஒளவையார், பின்னிக் கிடக்கும் பிரம்பின் வரியுடைய கனி நீர்நிலையில் வீழ்வதைக் காட்டுகிறார். சிக்கலாகப் பின்னிய பிரம்பு வேறு; ஓங்கி நின்று நாரைக்கு இடந்தரும் வஞ்சி வேறு. பிரம்பின் முட்களுக்கிடையே நாரை துயில விரும்பாது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வடமொழியிலும் இதே மயக்கம் நிலவுகிறது. வேதசம், வானீரம், வஞ்சுலம் என்னும் பெயர்களுக்குப் பிரம்பு என ஒரு சாராரும், நீர்க்கரை மரம் என மற்றொரு சாராரும் பொருள் உரைப்பர். காளிதாசனின் மேகதூதத்தில் கம்பீரை என்னும் ஆற்றின் நீராடை கரையினின்று நழுவ, அதனை வானீரக் கிளைகள் கையாற் பற்றியிருப்பது போலக் காட்சி அமைந்துள்ளது. தாழ்ந்து நீரைத் தொடும் கிளை என்பதே அவ்வுவமையின் உயிர். வஞ்சுலம் என்ற சொல்லுக்கும் வஞ்சிக்கும் உள்ள ஒலி ஒப்புமை தற்செயலா என்பதை மொழியறிஞர் முடிவு செய்வாராக.

இவ்வியல்புகள் அனைத்திற்கும் பொருந்த நிற்கும் மரம் ஒன்று தமிழகத்தில் உண்டு. அதனை இன்று ஆற்றுப்பாலை என்பர். தாவரவியலார் இட்ட பெயர் சாலிக்சு டெட்ராசுபெர்மா. தமிழ்ப் பல்கலைக்கழகத்து வெளியீடாக 1987இல் வந்த ‘சங்க இலக்கியத் தாவரங்கள்’ என்னும் நூலில் கு. சீநிவாசன் வஞ்சியை இம்மரமாகவே கொண்டார். ஆங்கிலத்தில் வில்லோ என வழங்கும் இனத்தைச் சார்ந்தது இது. குளிர்நாடுகளில் நூற்றுக்கணக்கில் பெருகிய அவ்வினத்தில், வெப்பமிகு தென்னாட்டின் ஓடைக்கரைகளை விரும்பி ஏற்றது இம்மரம். சேப்பாக்கம் ஆடுகளத்தில் வீசப்படும் கிரிக்கெட் மட்டை இதன் உறவுமரம் ஒன்றிலிருந்து செய்யப்படுவதே. இவ்வினத்தின் பட்டையில் உள்ள சாலிசின் என்னும் பொருளை 1828இல் செருமானியர் ஒருவர் பிரித்தெடுத்தார். அவ்வழியே வந்த ஆய்வின் முடிவாக 1899இல் ஆசுபிரின் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டிலும் காய்ச்சலுக்கு ஆற்றுப்பாலைப் பட்டையைப் பயன்படுத்தியுள்ளனர்.

நடுத்தர உயரமுள்ள மரம் இது. பட்டை சொரசொரப்பாகப் பிளந்திருக்கும். இலை ஈட்டிமுனை போல் நீண்டு, அடிப்பக்கம் வெளிறியிருக்கும். ஆண்மரமும் பெண்மரமும் வேறு. பூவோ இதழ் விரித்து நிற்பதன்று. சிறு பூக்கள் நெருங்கிய கதிராகத் தொங்கும். காய் வெடித்தால் பட்டுப் போன்ற மயிருடைய சிறு விதைகள் காற்றில் மிதக்கும். இளங்கிளைகள் வளைத்துக் கூடை முடையத்தக்கன. மெல்லிடைக்கு உவமையாகும் தகுதி கொடிக்கு மட்டும் உரியதன்று என்பதை அக்கிளையை ஒருமுறை வளைத்துப் பார்த்தோர் அறிவர்.

இம்மரத்திற்கு அறிவியற் பெயரிட்டவர் வில்லியம் ராக்சுபரோ. 1776இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவப் பணியிற் சேர்ந்து சென்னைக்கு வந்தவர். பின்னர்ச் சாமல்கோட்டையிலும் கல்கத்தாவிலும் தாவர ஆய்வை வளர்த்தவர். ‘சோழமண்டலக் கரையின் தாவரங்கள்’ என்னும் அவரது பெருநூல் 1795 முதல் 1820 வரை மூன்று தொகுதிகளாக, முந்நூறு வண்ணப்படங்களுடன் இலண்டனில் வெளியாயிற்று. அதன் முதல் தொகுதியிலேயே இம்மரம் இடம்பெற்றது. படங்களுக்கு மூலம் வரைந்தோர் இந்திய ஓவியர். அவர்தம் பெயர்கள் நூலின் முகப்பில் இல்லை. காய்க்குள் நான்கு விதைகளைக் கண்ட ராக்சுபரோ, ‘நான்கு விதையுடையது’ எனப் பொருள்படப் பெயரிட்டார். சேரன் முடியிற் சூடிய பூ என்று அவருக்குச் சொல்லத்தக்க புறநானூற்று அச்சுநூல் அன்று இல்லை. அதற்கு 1894ஆம் ஆண்டு வரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது.

‘ஆற்றுப்பாலை’ என்ற பெயரே சிந்தனைக்குரியது. பாலை என்பது வறண்ட நிலத்தின் பெயரும் ஆகும். ஆற்று நீரில் வேரூன்றி நிற்கும் மரத்திற்குப் பாலைப் பெயர் ஒட்டியது, வெட்பாலை போன்ற மரங்களின் இலையோடு கண்ட ஒப்புமையால் ஆகலாம். பழம்பெயரை இழந்த பின்னர்க் கரைவாழ் மக்கள் கண்ணாற் கண்டதைக் கொண்டு இட்ட புதுப்பெயர் அது. புலவரிடம் பெயர் தங்கிற்று, மரம் இல்லை; மக்களிடம் மரம் தங்கிற்று, பெயர் இல்லை.

போர்ப்பூவும் தலைநகரும்

தொல்காப்பியர் வஞ்சியை முல்லைக்குப் புறனாக வைத்தார். மண்ணின் மேல் தீராத ஆசை கொண்ட வேந்தன் மற்றொரு வேந்தன் மேற் செல்லுதல் வஞ்சித்திணை. முல்லையில் தலைவி இல்லிருந்து காத்திருப்பாள். தலைவன் பாசறையில் இருப்பான். அப்பாசறை வாழ்வே வஞ்சி. பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலையில், மேற்செல்வோர் வஞ்சிப்பூவும், எதிர்நின்று காப்போர் காஞ்சிப்பூவும் சூடுவர் எனப் பகுப்பு ஏற்பட்டது. தொல்காப்பியர்க்குக் காஞ்சி நிலையாமை கூறுவது, காவற்போர் அன்று. இம்மாற்றத்தை ஒதுக்கிவிட்டு நோக்கினும் ஓர் உண்மை புலனாகும். காஞ்சியும் ஆற்றங்கரை மரமே. ஆற்றுப்பூவரசு என்று அதனைக் கொள்வர். ஒரே கரையில் அருகருகே நிற்கும் இரு மரங்கள் இருபடைகளின் அடையாளமாயின. ஆறுதான் பல நாடுகளுக்கு எல்லை. ஆற்றைக் கடப்பவனும் கரையிற் காப்பவனும் கைக்கெட்டிய கிளையை ஒடித்துச் சூடினர் எனக் கொள்வது இயற்கைக்கு மாறானதன்று.

இங்கே ஒரு தடை எழும். கதிராகத் தொங்கும் அழகற்ற பூவையா மன்னர் சூடினர்? புறத்திணைப் பூக்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தால் இத்தடை நீங்கும். தும்பை சிறு வெண்பூ, நொச்சியும் அத்தகையதே, உழிஞையும் கண்ணைக் கவரும் பூவன்று. போர்ப்பூ அழகுக்காகச் சூடப்பட்டதன்று. இன்ன படை என்று அறிவிக்கச் சூடப்பட்டது. இலையும் கதிருமாக ஒரு கொத்து அதற்குப் போதும்.

வஞ்சி மாநகர் எது என்னும் வழக்கு, சென்ற நூற்றாண்டின் தமிழறிஞரை இருபுறமாகப் பிரித்தது. அமராவதிக் கரையிலுள்ள கருவூரே வஞ்சி என ரா. இராகவையங்கார் ‘வஞ்சிமாநகர்’ என்ற நூலால் நிறுவ முயன்றார். கொடுங்கல்லூரை ஒட்டிய திருவஞ்சைக்களமே என்றார் கே. ஜி. சேஷையர். கோதமங்கலத்தை அடுத்த திருக்கரூர் என 1904இல் வி. கனகசபை எழுதினார். புகளூர் ஆறுநாட்டார் மலையிலுள்ள தமிழி எழுத்துக் கல்வெட்டுகள் மூன்று தலைமுறைச் சேரரையும், கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவனையும் குறிப்பதும், கருவூர் ஆற்றுப்படுகையிற் சேரர் பெயர் பொறித்த காசுகள் கிடைத்ததும் கருவூர்க் கட்சிக்கு வலிமை சேர்த்தன. இவ்வழக்கில் இருதரப்பாரும் கல்வெட்டையும் காசையும் தாலமியையும் சான்றுக்கு அழைத்தனர். மரத்தை அழைத்தோர் மிக அரியர். மரம் வழக்கைத் தீர்த்துவிடும் என்பதன்று. ஆயினும் அதன் வாக்குமூலம் கேட்கத்தக்கது. ஆற்றுப்பாலை மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் இயல்பாக வளர்வது. அமராவதி அம்மலையின் மடியிற் பிறந்து, கருவூரைத் தொட்டுக் காவிரியிற் கலப்பது. மலையின் விதை ஆற்றோடு இறங்கிக் கரையிற் காடாக நின்ற இடத்தில் ஓர் ஊர் எழுந்து அப்பெயரைப் பெறுதல் பொருந்தும். கருவூர்ப் பசுபதீசுவரர் கோயிலின் தலமரம் வஞ்சி எனக் கூறும் மரபும் உண்டு.

மலைக்கு மேற்கேயும் அதன் குரல் கேட்கிறது. திருவிதாங்கூர் மன்னர் தம்மை வஞ்சிபாலர் என்றனர். அது நகரின் நினைவு. மரத்தின் நினைவு அரண்மனையில் இல்லை, ஆற்றங்கரையில் உள்ளது. மலையாள நாட்டில் கல்லூர்வஞ்சி, ஆற்றுவஞ்சி, நீர்வஞ்சி என இன்றும் பெயர் வழங்கும் செடிகளும் மரங்களும் உண்டு. அவை ஒரே இனத்தன அல்ல. தாவரவியலார் அவற்றை வெவ்வேறு குடும்பங்களிற் சேர்ப்பர். ஆனால் அனைத்தும் ஆற்று நீரில் நனைந்து வளர்வன. வெள்ளம் வந்தால் வளைந்து கொடுத்துப் பின் நிமிர்வன. கல்லூர்வஞ்சியைச் சிறுநீரகக் கல்லுக்கு மருந்தாக அந்நாட்டு வைத்தியர் கொள்வர். பழைய சேரநாட்டில் வஞ்சி என்பது ஆற்றுக்கரைத் தாவரத்தின் பெயராகவே இன்றும் உயிர்வாழ்கிறது. கொடியின் பெயராக அன்று.

வஞ்சிப்பாவைப் பற்றியும் ஒரு சொல். வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியத்துக்கு அகவல், கலிக்குத் துள்ளல், வஞ்சிக்குத் தூங்கல் என ஓசை வகுத்தனர். தூங்குதல் என்பது தொங்கி அசைதல். பட்டினப்பாலைக்கு வஞ்சி நெடும்பாட்டு என்று பெயர் உண்டு. அதன் குறுகிய அடிகளை உரக்கப் படித்தால் அவ்வசைவு காதில் விழும். தொங்கும் கதிரும் தாழ்ந்தாடும் கிளையும் உடைய மரத்தின் பெயர் இவ்வோசைக்கு எவ்வாறு வந்தது என்பதற்கு யாப்பு நூலார் விளக்கம் தரவில்லை. படை செல்லும் நடையால் வந்தது என்பாரும் உளர். எதுவாயினும், செவிக்கு இனிய ஓர் ஊகத்தைச் சான்றாக்குதல் ஆய்வுக்கு அழகன்று.

கரை இழந்த மரம்

வில்லோ இனத்து விதைகளின் ஆயுள் மிகக் குறைவு. காற்றில் மிதந்து சென்று, வெள்ளம் வடிந்த ஈரவண்டலில் விழுந்தால் சில நாட்களில் முளைக்கும்; அவ்வாறு விழாவிடின் வீணாகும். எனவே இம்மரத்திற்குத் தேவை ஆறு மட்டுமன்று. ஆண்டுதோறும் புதுவண்டல் படியும் கரை. அணைகளால் வெள்ளத்தின் காலமும் அளவும் மாறின; மணல் அள்ளப்பட்டது; கரைகள் கல்லாலும் சிமெண்டாலும் கட்டப்பட்டன; எஞ்சிய கரையில் வயலும் வீடும் நெருங்கின. அமராவதி இவற்றோடு சாயக்கழிவையும் சுமந்தது. சமவெளியில் மரம் அருகி, மலையோடைகளில் ஒதுங்கியதற்கு இவையே போதிய காரணங்கள். பெயரின் மறைவு இவற்றுக்கும் முந்தியது என்பதையும் மறத்தலாகாது. அதற்குப் பொறியாளர் பொறுப்பல்லர்; ஏட்டையே நோக்கி ஆற்றை நோக்காத புலமை ஓரளவு பொறுப்பு.

அபிராமபுரத்தை அடுத்து, அடையாற்றுக் கழிமுகத்தை ஒட்டிய சதுப்பில், 58 ஏக்கர் நிலத்தைச் சீரமைத்து 2011 சனவரியில் ஒரு பூங்கா திறந்தனர். அதற்கு இட்ட பெயர் தொல்காப்பியப் பூங்கா. வஞ்சியைத் திணையாக்கிய ஆசிரியரின் பெயர் ஒரு நீர்நிலத்திற்கு வாய்த்தது பொருத்தமே. கடலின் உப்பேறும் அந்நீர் வஞ்சிக்கு ஏற்றதன்று. அதற்கு வேண்டியது ஓடும் நன்னீர். அடையாற்றின் மேற்பகுதியில், செம்பரம்பாக்கத்து உபரிநீர் வந்து கலக்கும் பக்கங்களில், அத்தகைய கரைகள் சில எஞ்சியுள்ளன. வில்லோ இனத்தைப் பெருக்க விதையை நம்ப வேண்டுவதில்லை. முற்றிய கிளையொன்றை வெட்டி ஈரமண்ணில் ஊன்றினால் அது வேர்விடும்.